பூனைப் படத்தின் இரண்டாம் பாகம்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. அதனால்தான் அந்தத் துறையில் நான் கொடிகட்டிப் பறந்தேன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணக்கு படிப்பித்துக்கொண்டே, மாலை நேரங்களில் முகநூலில் பட விமர்சனம் எழுதிவந்தேன். நோட்டன் பிரிட்ஜிலிருந்து டயகம வரை என் பேச்சைக் கேட்டுத்தான் ஜனங்கள் படம் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. (வாசித்தவர்களில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். அதனால் என்ன, வாசகர் வாசகர்தானே!) என் விமர்சனங்களுக்கு ஒரு தனிச்சிறப்பும் இருந்தது. படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுவேன்.

இந்தக் கதையில் வரும் படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பூனைப் படம். அதன் முதல் பாகத்தை ஒரு தைப்பொங்கலன்று டீவியில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாடகை வீட்டில் இரண்டு நண்பர்கள், ஒரு வீட்டுக்காரர், ஒரு பூனை. வீட்டுக்காரரின் பொரித்த மீனைப் பூனை தூக்கிக்கொண்டு ஓடும். மூன்று பேரும் அதைத் துரத்துவார்கள். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கதையில் அங்கங்கே ஒரு தாவல் இருந்தது உண்மை. கதாநாயகன் ஓர் அறைக்கதவைத் திறந்து உள்ளே போவான், அடுத்த நொடியே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பான். இதை ஒரு நவீன உத்தி என்று நினைத்து நான் பாராட்டி எழுதினேன். தியேட்டரில் ஓடிய படத்தில் பாதியை டீவிக்காரர்கள் வெட்டி எறிந்துவிட்டு, காட்டக்கூடியதாக மிஞ்சியது பூனை மட்டும்தான் என்பதால் பூனையைக் காட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படம் என்றாலே டீவியில் வருவதுதான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில் இரண்டாம் பாகம் ஹட்டனுக்கு வந்தது. பெண் ராகலை. பெயர் தர்ஷினி. அவளுடைய அப்பா, அதாவது என் வருங்கால மாமா, ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது அவர் ஒரு செருமல் செருமினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும் என்பார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "சாப்டுங்க." அதையும் ஓர் உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணச் சேலை எடுக்க அவர்கள் ராகலையிலிருந்து ஒரு வேனில் ஹட்டனுக்கு வந்தார்கள். மாமா, அத்தை, தர்ஷினி, அத்தையின் தங்கையான சின்னம்மா. எங்கள் பக்கம் நானும் அம்மாவும். சேலை எடுப்பதற்கு ஒரு நாள் முழுக்க ஆகும் என்று நினைத்திருந்தோம். தர்ஷினியோ கடைக்குள் நுழைந்து, தொங்கிக்கொண்டிருந்த ஓர் அரக்குச் சேலையைக் காட்டி, "இதுங்க" என்று சொல்லிவிட்டாள். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது. எல்லோரும் கடை வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"எல்லாரும் ஒரு படம் பாப்போமா? நல்ல குடும்பப் படம் ஒன்னு ஓடுது" என்றேன்.

அத்தை சந்தேகத்தோடு, "குடும்பப் படம்னா, எல்லாரும் ஒக்காந்து பாக்கலாம்ங்களா?" என்று கேட்டார்.

"என்னங்க அத்தை இப்படிக் கேக்குறீங்க? மொத பாகத்த நானும் அம்மாவும் ஒன்னா ஒக்காந்து பாத்தோம்."

அம்மாவும் பக்கத்தில் நின்று, "ஆமாங்க, அவ்வளவு நல்ல படம். ஒரு பூன வரும் பாருங்க!" என்று சாட்சி சொன்னார்.

தியேட்டர் வாசலில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. எங்கள் கூட்டத்தைத் திரும்பி ஒரு தடவை பார்த்தேன். சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இது நமக்கான படம்தான் என்று தைரியமாக டிக்கெட் எடுத்தேன். உட்கார வைப்பதிலும் ஓர் ஒழுங்கு பார்த்தேன். மரியாதைக்கு மாமா என் பக்கத்தில். அவருக்கு அந்தப் பக்கம் அத்தை, சின்னம்மா. எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அம்மாவுக்கு அடுத்து தர்ஷினி.

படம் ஒரு கட்டிலில் ஆரம்பித்தது. அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்று இங்கே எழுத முடியாது. கட்டிலுக்கு அடியில் வீட்டுக்காரர் ஒளிந்திருந்தார் என்பதை மட்டும் எழுதலாம். அவர் உடுத்தியிருந்ததைப் பற்றி எழுதலாம் என்றால் அவர் ஒன்றும் உடுத்தியிருக்கவில்லை.

"இது மட்டுந்தாங்க மாமா. இனிமே குடும்பக் கதைதான்" என்று மாமாவின் காதில் சொன்னேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அடுத்த காட்சியில் கட்டிலில் ஆள் மாறியது. "இதோட முடிஞ்சிருங்க" என்றேன். அதற்கடுத்த காட்சியில் இன்னொரு கட்டில் வந்தது.

அம்மா பாவம், நல்ல மனதோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் என் கையைச் சுரண்டி, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "டேய், பூன எப்படா வரும்?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் அத்தை சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார். சின்னம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ கண்ண மூடிக்கக்கா, நான் கதைய சொல்றேன்" என்று அக்காவுக்கு உதவியும் செய்தார். அத்தை தலைப்புக்குள்ளிருந்தே, "சீ, கருமம்! நிப்பாட்டு!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அவன் என்ன செய்றான்?" என்றார்.

தர்ஷினியைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. தலையைக் குனிந்து, முகத்தை மூடி, தோள்கள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள்! எப்பேர்ப்பட்ட குடும்பத்துப் பெண்ணை எப்படிப்பட்ட இடத்துக்கு இழுத்து வந்துவிட்டேன்! அம்மாவைத் தாண்டி என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதைப் பறித்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தைப் போலக் கொடுமையான வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மாமா எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முன்வரிசையில் இருந்த என் பழைய மாணவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, கையில் கடலையோடு எழுந்து நின்று, "சேர், நீங்களுமா! குடும்பத்தோடயா வந்திருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டான். தியேட்டர் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அத்தை தலைப்பை எடுத்துவிட்டு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இதத்தான் நீங்களும் ஒங்க அம்மாவும் ஒன்னா ஒக்காந்து பாத்தீங்களா?"

அம்மா பதறிப்போய், "ஐயோ, எங்க வீட்டு டீவியில இதெல்லாம் வரலீங்க! சத்தியமா பூனதாங்க வந்துச்சு!" என்றார். நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆனால் கேட்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடி விளக்கை அணைத்தார்கள். மாமா திரும்பி வரவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார் என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து தேடப் போனேன். தேத்தண்ணிக் கடையில் இல்லை. வேனிலும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ராகலைக்குப் போக ஏறவேண்டிய நுவரெலியா பஸ் ஒன்று அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அங்கே நின்ற சிங்களக் கண்டக்டர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடையாளம் சொன்னேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கோபமான முகம். கோபமான மாமாக்கள் எல்லா பஸ்ஸிலும்தான் ஏறுகிறார்கள் என்று அவர் பதில் சொன்னார்.

நான் தொப்பலாகத் திரும்பி வந்தபோது படம் முடிந்து எல்லோரும் தியேட்டர் வாசலில் நின்றார்கள்.

"ஆளக் காணோமா?" என்றார் அத்தை. "அப்ப பஸ் ஏறிட்டாரு. அவருக்கு ஒன்னு புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. எங்க சித்தப்பா மகன் கல்யாணத்துல இப்படித்தான் எந்திரிச்சுப் போனாரு. அதோட அந்த வீட்டுப் பக்கமே போகல." பிறகு அம்மாவின் கையிலிருந்த துணிக்கடைப் பையைப் பார்த்து, "அந்தச் சேலைய கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தர்ஷினியோடு நான் நாலு தடவைக்கு மேல் பேசியதில்லை. ஆனால் கடைக்குள் போன வேகத்தில் "இதுங்க" என்று சேலையைக் காட்டிய பெண்ணை ஒரு பூனையை நம்பி இழந்துவிட்டேனே என்று அழுகை வந்தது. (மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.)

அப்போது பால்கனிப் படிக்கட்டிலிருந்து ஒரு பெரும் சிரிப்புச் சத்தம் கேட்டது. செருமலும் விசிலும் கலந்த மாதிரியான சிரிப்பு. யாரோ முன்பின் தெரியாத மனிதர் ஒருவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி மாமா இறங்கி வந்துகொண்டிருந்தார். "கட்டிலோட தூக்கிட்டுப் போறான்யா!" என்று அந்த மனிதரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் எங்களைப் பார்த்தார். சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றினார்.

"கீழ சீட்டுல மூட்டப்பூச்சி. அதான் மேல டிக்கெட் மாத்திக்கிட்டேன்" என்றார்.

"மூட்டப்பூச்சி கடிச்சா கண்ணுல தண்ணி வருமா?" என்றார் அத்தை. "கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த மனுசன் பல்ல நான் பாத்ததில்ல. இன்னைக்கு எவனோ ஒருத்தனுக்குக் காட்டிக்கிட்டு வர்றாரு!"

இதைக் கேட்டதும் தர்ஷினி என் கைக்குட்டையை மறுபடி வாய்க்குள் திணித்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்பாவின் அதே சிரிப்பு, செருமலும் விசிலும். உள்ளே அவள் அழவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேனில் ஏறுவதற்கு முன் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா ஒரு பக்கம் பொண்டாட்டி, மறுபக்கம் நீங்க, அதுக்கங்கிட்டு பொண்ணு. மனுசன் எப்படிச் சிரிக்கிறது? அடக்கி அடக்கி நெஞ்சு வலியே வந்திருச்சு. இதெல்லாம் குடும்பத்தோட பாக்கிற படம் இல்ல. பால்கனிப் படம்."

என்னை அவர் 'மாப்ள' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து முகநூலைத் திறந்தேன். 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய காவியம்' என்று அன்று காலையிலேயே எழுதிப் போட்டிருந்த விமர்சனத்துக்குக் கீழே ஊரே திரண்டிருந்தது. "சேர், இந்த வருசத்துல இதுதான் நல்ல படம்" என்று ஒருவர். "இந்தக் கருமத்தக் காவியம்னு சொல்றவரா எங்க புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குறாரு?" என்று இன்னொருவர். டயகமவிலிருந்து ஒருவர், "ஒங்க பேச்ச நம்பி மாமியாரக் கூட்டிட்டுப் போனேன் சேர். இப்ப எங்க அம்மா வீட்டுல இருக்கேன்" என்று எழுதியிருந்தார். அந்த மனிதரின் நிலைமை பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை. என் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில், அதே அரக்குச் சேலையில் நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் படத்துக்கும் இரண்டே இரண்டு தரம்தான். கீழே, அல்லது பால்கனி. புதுப்படம் வந்தால் ராகலையிலிருந்து மாமா போன் எடுத்து, "கீழயா, மேலயா?" என்று மட்டும் கேட்பார். படத்துக்கு மட்டும்தானா? கல்யாண வீட்டில் யாராவது வில்லங்கமாக ஒரு கதையை ஆரம்பித்தாலும், "இது பால்கனி, அங்கிட்டுப் போய்ச் சொல்லு" என்று சின்னம்மா விரட்டுவார். நானும் இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் விமர்சனம் எழுதுகிறேன். ருசி கொஞ்சம் குறைந்துதான் போய்விட்டது.

இப்போது மூன்றாம் பாகம் ஹட்டனுக்கு வந்திருக்கிறது. இன்று காலையிலேயே மாமா போன் எடுத்தார். "மாப்ள, பால்கனியில ஒன்னு போட்டு வைங்க. அத்தைக்குத் தெரிய வேணாம்." சரிங்க மாமா என்றேன். மத்தியானம் அத்தை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, எனக்கும் தங்கச்சிக்கும் பால்கனியில ரெண்டு வேணும். மாமா காதுல போட்டுறாதீங்க" என்றார். சரிங்க அத்தை என்றேன்.

மூன்று டிக்கெட்டையும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்துச் சீட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். விஷயத்தைத் தர்ஷினியிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கேட்டாள்.

"அப்ப கீழ நம்ம ரெண்டு பேரு மட்டுமா? நல்லதாப் போச்சுங்க. இந்தத் தடவயாவது கைக்குட்ட இல்லாம சிரிக்கலாம்."