பத்து மணி பத்து நிமிடம்

இந்த மார்கழியில் தன் கார் கொள்ளேகால் மண்ணை மிதிக்காது என்று காளியப்பன் முடிவு செய்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, வீட்டில் சண்டையாகத்தான் இருக்கும்.

காரணம் சுப்பையா. மனைவி வடிவின் அண்ணன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், கொள்ளேகாலில் தனியாக இருக்கிறார். போன மார்கழிக்கு "ரெண்டு நாளுங்க மாப்ளே" என்று மைசூரில் இவர்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பத்து மூன்று நாள் இருந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முதல் பஸ் எடுக்கப்போகிறவர் மாதிரி ஹாலில் நின்று தொண்டையைச் செருமுவார். காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். "கியர் அழுவுதுங்க மாப்ளே" என்பார். காளியப்பனுக்குச் சோறு இறங்காமல் போன நாட்கள் உண்டு.

ஒரே ஆறுதல், சுப்பையாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. தங்கை வீடே ஆனாலும் மாப்பிள்ளை நேரில் வந்து, தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவார். போனில் கூப்பிட்டால் அது அழைப்பு இல்லை, தகவல். தங்கை கூப்பிட்டால் அது பாசம், மரியாதை இல்லை. அதனால் காளியப்பன் பத்து மாதமாகக் கொள்ளேகால் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"மார்கழிப் பனியில அண்ணன் இருமிக்கிட்டுத் தனியாக் கிடக்குதுங்க" என்றாள் வடிவு ஒரு நாள், தோசையைத் திருப்பிப் போட்டபடி. "எங்கப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வெச்சது அதுதான். நினைச்சா தொண்டையில சோறு நிக்குது."

காளியப்பனுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சுப்பையா நாற்பத்து மூன்று நாளும் படுத்துக் கிடந்த ஹால் சோபா அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"பாவந்தான்" என்றார். அதோடு பேச்சு ககனசுக்கி அருவிக்குப் போனது. மூன்று வருஷமாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவந்த இடம்.

"ஞாயித்துக்கிழமை போயிரலாமுங்களா?" என்றாள் வடிவு.

"போலாம். ஆனா பன்னூர், மளவள்ளி ரோடு. கொள்ளேகால் ரோட்டை விட பன்னிரண்டு நிமிஷம் கம்மி."

"உங்க இஷ்டமுங்க."

இவ்வளவு லேசாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் அவள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள்.

"எப்படியும் மூணு மணி நேரம் ஆயிரும்."

காளியப்பன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நேரக் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஒரு ஆள் ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச்சோடு பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அவருக்குக் கண் கடிகாரத்தை விட்டு நகராது. வடிவு புடவை கட்ட இருபத்திரண்டு நிமிடம், கிளம்பும்போது கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க மூன்று நிமிடம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்த மனுஷனிடம் போய் மூணு மணி நேரம் என்றால்?

"மூணா? எந்தக் கணக்குல?"

"பனி இருக்குமுங்க. டிராக்டர் வரும். உங்களால முடியாதுங்க."

அவர் நோட்டை எடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மண்டி மொஹல்லா சந்திலிருந்து காரை வெளியே எடுக்க ஏழு நிமிடம். சந்தில் எதிரே ஆட்டோ வந்தால் கூட இரண்டு. பனிக்கு எட்டு. கரும்பு டிராக்டருக்கு ஆறு. பன்னூரில் டீ, ஆறு. தொழிற்சாலை வழக்கப்படி களைப்புக்கு ஐந்து சதவீதம். அடிக்கோடு போட்டுக் கூட்டினார்.

"ஒரு மணி ஐம்பது நிமிஷம்" என்று அறிவித்தார்.

"அப்ப எட்டு இருபதுக்குக் கிளம்புனா?"

"பத்து பத்து."

"பத்தா, பத்து பத்துங்களா?"

"பத்து பத்து. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகாது."

"எழுதி வெச்சுக்கறேன். பொய்யானா காட்டோணுமில்ல" என்று வடிவு தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடி, ஓரத்தில் 10.10 என்று எழுதினாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு எண்ணை அவள் எழுதி வைத்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வடிவு புடவை கட்டி, இட்லிப் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள்.

"கேஸ் அணைச்சியா?"

"அப்பவே அணைச்சு, ரெண்டு தரம் பார்த்துட்டனுங்க. கிளம்புங்க, உங்க கணக்குக் கெட்டுரும்."

விஞ்ஞானத்துக்கு இந்த வீட்டில் மரியாதை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். சரியாக எட்டு இருபதுக்கு வண்டி நகர்ந்தது.

பன்னூர் ரோட்டில் பனி அவர் எழுதியிருந்தபடியே இருந்தது. கரும்பு டிராக்டரும் நோட்டுக்குக் கட்டுப்பட்டே வந்தது. பன்னூரைத் தாண்டியதும்தான் வினை. ஊர்க்காரர்கள் கேழ்வரகுத் தாளை ரோட்டின் குறுக்கே பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் சும்மா போகாமல் அவர்களுக்குக் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இது காளியப்பன் கணக்கில் இல்லை. கார் தாளின் மேல் வழுக்கி வழுக்கி ஊர்ந்தது. நான்கு இடம். ஐந்து நிமிடம் போயே போய்விட்டது.

"போச்சு" என்றார்.

"ஒண்ணும் போகலீங்க. டீக்குன்னு ஆறு நிமிஷம் வெச்சீங்கல்ல? டீ வேண்டாமுங்க. உடுங்க."

காலையில் டீ இல்லாமல் தலைவலி வருகிறவள். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. நமக்காக இவ்வளவு செய்கிறாளே என்று, இந்தப் பொங்கலுக்கு அவள் கேட்ட கிரைண்டரை வாங்கித் தந்துவிடுவது என்றுகூட முடிவு செய்தார்.

பத்து ஒன்பதுக்கு அருவி பார்க்கிங் வந்துவிட்டது. ஒரு நிமிடம் முன்னால். காளியப்பன் யோசித்தார். முன்னால் வந்தாலும் தப்பு தப்புதானே. பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பத்து பத்துக்கு எஞ்சினை நிறுத்தினார்.

எதிரே தடுப்புக் கம்பி ஓரமாக, குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் கடலை உரித்துத் தின்றபடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து பத்து. ஒரு நிமிஷம் கூடல, குறையலீங்க மாப்ளே" என்றார் சுப்பையா.

காளியப்பன் மெதுவாகத் திரும்பி வடிவைப் பார்த்தார். வடிவு அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளேகால்ல இருந்து பஸ்ஸுல வந்துச்சுங்க. கிட்டத்தானே. நேரம் தெரியாம பனியில நின்னுட்டிருக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட அத்தனை தரம் கேட்டனுங்க."

சரி, வந்தது வந்துவிட்டது. கார் கொள்ளேகாலுக்குப் போகவில்லைதானே. தான் வாயைத் திறந்து கூப்பிடாத வரை மனுஷன் மறுபடி பஸ் ஏறிப் போய்விடுவார். காளியப்பன் உதட்டை இறுக்கிக்கொண்டார். இட்லி தின்ன மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டார்.

சுப்பையாவும் மைசூர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு தரம் இருமினார். இட்லி தின்றார். பிறகு, "எந்த ரோட்டுலீங்க வந்தீங்க?" என்றார்.

"பன்னூர்."

"தாள் போட்டிருப்பானுங்களே?"

"நாலு இடத்துல."

சுப்பையா மெல்லுவதை நிறுத்தினார். "தாள் போட்ட ரோட்டுல, பனியில, ஒரு மணி ஐம்பது நிமிஷமா? முப்பத்தொரு வருஷம் ஸ்டேரிங் புடிச்சவன் நான். எங்க டிப்போவுல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டானுங்க மாப்ளே."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவர் கணக்கைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தியிருக்கிறார். தொழிற்சாலையில் இவர் வருகிறார் என்றாலே ஆட்கள் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள். காளியப்பன் நோட்டை எடுத்து விரித்தார். பக்கம் பக்கமாகக் காட்டினார். சுப்பையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். களைப்புக்கு ஐந்து சதவீதம் என்ற இடத்தில் தலையை ஆட்டினார்.

"வந்தது சரி மாப்ளே. திரும்பிப் போறப்ப நடக்காதுங்க. வெயில் ஏறுனா தாள் அதிகம் போடுவானுங்க. ரெண்டே கால் மணியாவது ஆகும்."

"ஒண்ணு ஐம்பத்தஞ்சு."

"சான்ஸே இல்லீங்க."

"ஒண்ணு ஐம்பத்தஞ்சு மச்சான்!"

"சொல்லுவீங்க. பார்த்த சாட்சி ஆருங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"ஏன், நீங்களே வண்டியில ஏறி உக்காந்து பாருங்க. நம்ம வீடு வரைக்கும் வாங்க. நானே கூப்பிடறேன், வாங்க!"

சுப்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாப்பிள்ளை வாயாலயே கூப்பிட்டப்புறம் வரமாட்டேன்னா மரியாதை இல்லீங்க" என்றார். கடலை வண்டிக்காரர் அதுவரை காவல் காத்திருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரிய பெட்டி. அதன் மேல் சுருட்டிக் கட்டிய ஒரு கம்பளி.

"எத்தனை நாள் மச்சான்?" என்றார் காளியப்பன், குரல் இறங்கி.

"ரெண்டு நாளுங்க மாப்ளே."

சுப்பையா பெட்டியோடு காரை நோக்கி நடந்தார். வடிவு பாத்திரத்தைக் கழுவி மூடினாள். வாட்சைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது.

"பத்தரைக்கெல்லாம் நீங்க கூப்பிட்டுருவீங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருந்தனுங்க. பத்து முப்பத்து மூணு ஆயிருச்சு. என் கணக்குல அந்த மூணு நிமிஷம் எங்க தப்புச்சுன்னு கொஞ்சம் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்களேன்."