பதின்மூன்று வருஷம் ஓடிய மோட்டார்

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்குத் தங்கராஜ். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிறது, இன்னும் குணமாகவில்லை.

பொறாமை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று பலர் அதற்கு ‘ஆதங்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. எனக்கு வந்தது பச்சைப் பொறாமை. அதுவும் அவன் அழகைப் பார்த்தோ (அப்படி ஒன்றும் பிரமாதமில்லை), அறிவைப் பார்த்தோ (என்னைவிடக் கொஞ்சம்தான் கூட) வந்ததல்ல. அவனுக்கு வந்த கடிதங்களைப் பார்த்து வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். நான் கோவில்பட்டி. அவன் ஈரோட்டுக்குப் பக்கத்தில் தோட்டங்காடு உள்ள வீட்டுப் பையன். இருவரும் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துப் புனேவுக்கு வந்து, போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர்களாக இருந்தோம். ஔந்தில் ஒரு மூன்றாவது மாடி அறையில் ஒன்றாகத் தங்கியிருந்தோம். தீபாவளியோடு பட்டறையை மூடப்போவதாக முதலாளி ஒருநாள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார். (அவர் டீ வாங்கிக்கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம்.) அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நான் ஊருக்குத் திரும்பி அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வேண்டும். எனக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஆகவே இருவரும் புதன்கிழமை பேப்பரில் வரும் விளம்பரங்களை வெட்டி வெட்டி விண்ணப்பம் போட்டோம். ஒரே பேப்பர், ஒரே கத்தரிக்கோல், ஒரே தபால்பெட்டி. பயோடேட்டாவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இண்டர்வியூவுக்குக் கூப்பிடும் கடிதம் அவனுக்கு மட்டும் வந்தது. தபால்காரர் இரண்டே மாதத்தில் தங்கராஜ் என்ற பெயரைச் சுத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார். மாரியப்பன் என்று உச்சரித்துப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே அமையவில்லை. (இண்டர்வியூவில் ஆங்கிலம் தடுமாறி அவன் திரும்பி வந்துவிடுவான். அந்தச் சாயங்காலங்களில் நான் அவனுக்கு மிகுந்த அன்போடு ஆறுதல் சொல்வேன். அவ்வளவு நல்ல நண்பன் நான்.)

வித்தியாசம், பயோடேட்டாவின் தலையில் குத்தி அனுப்பும் அந்த ஒரு பக்கக் கடிதத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று, ஐந்தாம் வகுப்பில் கற்ற லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்குமே, அது. காய்ச்சல் இருந்த இடத்தில் வேலையில்லாத் திண்டாட்டத்தை வைத்தேன். இரண்டு நாள் விடுப்பு இருந்த இடத்தில் வேலையைக் கேட்டேன். கீழே ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்பதில் மாணவனை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு தடவை அவசரத்தில் அதையும் எடுக்க மறந்துவிட்டேன். அந்தக் கம்பெனியில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ, படிப்பை முடித்துவிட்டு வரட்டும் என்று இருந்திருப்பார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தங்கராஜிடமே கேட்டேன்.

“அப்படி என்னலே எழுதுத?”

“என்னத்த எழுதறது. அவங்களுக்கு நாம எதுக்கு ஒதவுவோம்னு நாலு வரி, உள்ளத உள்ளபடி. அவ்வளவுதான்டா.”

அவன் எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் புதன்கிழமை, கடக்வாஸ்லா போகும் வழியில் உள்ள ஒரு பம்பு கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது. தங்கராஜுக்கு அதைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. உட்கார்ந்து எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். வியாழக்கிழமை காலை நகலை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் குளியல் அரைமணி நேரம். எனக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

படித்தேன். ஈரோட்டுத் தோட்டத்துக் கிணற்றில் அந்தக் கம்பெனியின் மோட்டார் பதினோரு வருஷமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தான். (கோயமுத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புனே மோட்டாரை வாங்கிய குடும்பம், உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.) பதினான்கு வயதில் கிணற்றுக்குள் இறங்கி, அதன் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வைத் தானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறான். பட்டறை ஆட்களோடு பழகி எட்டு மாதத்தில் மராத்தி பேசக் கற்றிருக்கிறான். கடைசி வரி: ‘எனக்கு ஆங்கிலம் தடுமாறும். மிஷின் முன்னால் தடுமாற மாட்டேன்.’

எனக்கே அவனுக்கு வேலை கொடுக்கலாம் போல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

நம்மிடம் கிணறு இல்லை, தோட்டம் இல்லை. கோவில்பட்டி வீட்டில் இருந்தது தெருக்குழாய்த் தண்ணீர், அதுவும் எங்களுக்கு முன்னால் பதினைந்து குடம். ஆனாலும் அந்தக் கடிதத்தை அப்படியே இறக்கினேன். அப்படியே என்று சொல்ல முடியாது. வெறும் காப்பி அடிப்பது என் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. அவனைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டாமா? பதினோரு வருஷம் ஓடிய மோட்டாரைப் பதின்மூன்று வருஷம் ஓடவிட்டேன். பதினான்கு வயதில் கிணற்றில் இறங்கியவனைப் பன்னிரண்டு வயதிலேயே இறக்கினேன். மராத்தியை எட்டு மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் கற்றுத்தேர்ந்தேன். கடைசி வரியில் கூட்டவோ கழிக்கவோ எண் எதுவும் இல்லாததால் அதை மட்டும் தொடவில்லை.

அன்று மத்தியானமே தபாலில் சேர்த்துவிட்டேன். அவன் சனிக்கிழமைதான் போடுவான் என்று எனக்குத் தெரியும். முதலில் போய்ச் சேர்வது அசல், பின்னால் வருவது நகல் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இந்த யோசனை எனக்கு உதித்தபோது நான் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் அரை டம்ளர் கட்டிங் சாய் குடித்துக் கொண்டாடினேன்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் இரண்டு பெயரையும் கூப்பிட்டார். ஒரே மாதிரி உறை, ஒரே நாள், எனக்குப் பத்தரை மணி, அவனுக்குப் பதினொன்று.

தங்கராஜ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “ஒரே கம்பெனிடா மாரி. கெடைச்சா ஒண்ணாவே பஸ்ல போயிட்டு வந்தரலாம்.” என் சட்டையையும் சேர்த்து அவனே இஸ்திரி போட்டான். அடுத்தவனுக்குக் கிடைத்ததற்கு ஒருவனால் எப்படி இவ்வளவு சந்தோஷப்பட முடிகிறது என்று அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மேனேஜர் பெயர் தேஷ்பாண்டே. ஐம்பது வயதிருக்கும், அவசரமே இல்லாத மனிதர். மேஜையில் காகிதங்களின் மேல் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புச் சாமானை வைத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

“இது என்னவென்று தெரிகிறதா?”

சந்தோஷமாக உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. “நல்ல பேப்பர் வெயிட் சார்,” என்றேன்.

அது ஃபுட் வால்வு. (பாடப்புத்தகத்தில் அதை நடுவில் பிளந்துதான் படம் போட்டிருப்பார்கள். முழுசாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?)

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து, மராத்தியில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த மராத்தி முழுவதும் போசரி பஸ்ஸின் கண்டக்டரிடம் கற்றது, மொத்தம் இரண்டு வாக்கியம். வாசற்படியில் நிற்காதே என்பது ஒன்று. அது சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாது என்று எனக்கே தோன்றியது. ஆகவே மற்றதைக் கம்பீரமாகச் சொன்னேன்.

“புடே சலா.”

முன்னால் நகரு என்று அர்த்தம்.

தேஷ்பாண்டே உண்மையாகவே நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். எனக்கு ஆங்கிலம் ஓரளவுக்கு வரும். ஆனால் தடுமாறும் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டதே. ஆகவே வருகிற ஆங்கிலத்தையும் கஷ்டப்பட்டுத் தடுமாறினேன். வாழ்க்கையில் நான் முழு முயற்சியோடு செய்த ஒரே வேலை அதுதான்.

அவர் இரண்டு கடிதங்களை எடுத்து மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“தமிழ்நாட்டில் எங்கள் பம்பு ஒன்று ஓடுகிறது என்பதே எனக்கு ஆச்சரியம். இரண்டு ஓடுகிறது என்றால் எங்கள் சேல்ஸ் ஆட்களைக் கூப்பிட்டுப் பாராட்ட வேண்டும்,” என்றார். பிறகு என் கடிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். “அதிலும் உங்களுடையது விசேஷம். நாங்கள் பம்பு செய்ய ஆரம்பித்தே பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. உங்கள் வீட்டில் பதின்மூன்று வருஷமாக ஓடுகிறது.”

எனக்கு உள்ளங்காலில் வியர்த்தது. அதற்கு முன்போ பின்போ எனக்கு அங்கே வியர்த்ததில்லை. “கசின் சார்,” என்றேன். “ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு.” அந்த ஓராண்டை எங்கே ஒளிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

அவர் தங்கராஜை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கடிதங்களைப் பார்த்தான். முதலில் தன்னுடையதை, அப்புறம் என்னுடையதை, வரி வரியாக. எனக்கு அந்த இஸ்திரி போட்ட சட்டை உடம்பில் எரிந்தது.

“இவர் உங்கள் சொந்தமா?”

“இல்லீங்க சார். ரூம்மேட்.”

“அப்படியானால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இவருடையது இரண்டு நாள் முன்னால் வந்திருக்கிறது. யார் எழுதியது இது?”

தங்கராஜ் தலையைக் குனிந்து அந்த ஃபுட் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தான். தேஷ்பாண்டே இரண்டு கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார். இருவரையும் அனுப்பப்போகிறார் என்று புரிந்துவிட்டது. நான் போவது இருக்கட்டும், எனக்காக அவனும் போகிறான், ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்காமல்.

இந்த இடத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நடந்தது வேறு. கடிதம் எழுதுவதிலும் அவன்தான் கெட்டிக்காரன், மராத்தியிலும் அவன்தான், இப்போது பெருந்தன்மையிலும் அவனேதானா? அதையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி வந்தது.

“நான்தான் சார் காப்பி அடிச்சேன். மெத்தைக்கு அடியிலேர்ந்து எடுத்தேன். எங்க வீட்ல கிணறே கிடையாது.” இதைத் தடுமாறாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

தேஷ்பாண்டே மடித்த கடிதங்களை மறுபடி பிரித்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். கதவைக் கை காட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

“புடே சலா.”

தங்கராஜ் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தான். முதல் தேதியிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஃபுட் வால்வைக் கையில் கொடுத்து, மராத்தியில் பேசியபடியே கழற்றச் சொன்னார்களாம். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். ஸ்வார்கேட் தாண்டிய பிறகு வாயைத் திறந்தான்.

“காப்பியடிச்சதுகூடப் போகுது. பதினொண்ண எதுக்குடா பதிமூணாக்குன?”

 

அன்று சாயங்காலம் அவனே பேப்பரையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, உனக்கு நிஜமாகவே என்ன தெரியுமோ அதை எழுது என்றான். அரைமணி நேரம் யோசித்தும், தெரிந்தது மளிகைக் கடை ஒன்றுதான். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கும், எது எப்போது தீரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று எழுதினேன். ‘கீழ்ப்படிதலுள்ள’ என்பதை அவன் அடித்துவிட்டான். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. எந்த ஸ்டூலில் உட்காரப் பயந்தேனோ, அந்த ஸ்டூல்தான் வேலை வாங்கிக்கொடுத்தது. என் வாழ்க்கையின் ஒரே உண்மையான கடிதம், அதுவும் அவன் சொல்லி எழுதியது. இதை நான் எப்படி மன்னிப்பேன்?

மன்னிக்காதது இருக்கட்டும், அவன் என் கல்யாணத்துக்கு வந்து இந்தக் கதையைச் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லிவிட்டுப் போனான். என் மனைவி புனேவிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள், கணக்கு டீச்சர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சூத்திரம். ஒருநாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறீர்கள் என்று போன மாதம் டாக்டர் கேட்டார். “நாலு,” என்றேன்.

“ரெண்டு கம் கர்கே எழுதிக்குங்க டாக்டர்,” என்றாள் இவள், பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. (கம் கர்கே என்றால் கழித்து.) மகளும் அதையேதான் சொல்கிறாள். முதல் வேலைக்குக் கடிதம் எழுத உதவட்டுமா என்று அவளைக் கேட்டேன். பரவாயில்லை அப்பா, தங்கராஜ் அங்கிளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவன் இப்போது ஔந்திலேயே, எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். நாங்கள் இன்னும் மூன்றில்தான். ஊரிலிருந்து வருகிறவர்கள் அவன் வீடு எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். கூட்டிச் சொல்கிற பழக்கத்தை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன் என்பதற்கு அவர்களே சாட்சி. அந்த ஏழாவது மாடிக்காரர்தான் பாவம், வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து மேலே கை காட்டிக்கொண்டிருக்கிறார்.