பின்சீட்டுத் தீர்ப்பு

கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே ஆசை. ஒன்று, தன் பழைய சொகுசு கார் கடைசிவரை தன்னோடு இருக்க வேண்டும். இன்னொன்று, மாமியார் ஒரு ராத்திரிகூடத் தன் வீட்டில் தங்கக் கூடாது. இரண்டாவதைக் கடவுளே பார்த்துக்கொண்டார். தன் தேக்குக் கட்டிலை விட்டால் அந்த அம்மாளுக்கு வேறெங்கும் தூக்கம் பிடிக்காது. காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடுவார். கட்டிலைக் கூடவே கொண்டுவரலாம் என்றால், அது காருக்குள் நுழையாது.

வினை முதல் ஆசைக்குத்தான் வந்தது. மனைவி செடி நர்சரி நடத்துகிறாள். தொட்டி ஏற்ற ஒரு புது பிக்கப் வேண்டும், ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம், காரைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மனிதர் யோசித்தார். பிரமாதமாக யோசித்ததாக அவரே நினைத்துக்கொண்டார்.

"நமக்குள்ள எதுக்கு சண்டை? உங்கம்மா ரெண்டுலயும் உக்காந்து பாக்கட்டும். அவங்க சொல்றதுதான் தீர்ப்பு."

இடுப்புவலிக்கார மாமியாருக்கு பிக்கப் எங்கே பிடிக்கப்போகிறது என்பது அவர் கணக்கு. மனைவி மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும், பாவம்.

கம்பெனிக்காரர்கள் ஓட்டிப்பார்க்கக் கொடுத்த பிக்கப்பில் ஒரு சுற்றுப் போய் இறங்கிய மாமியார், இடுப்பே கழன்றுவிட்டதாக முனகினார். நம்மவருக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து கார். தோல் சீட்டில் சாய்ந்தார், காலை நீட்டினார், தெருமுனை திரும்புவதற்குள் குறட்டையே விட்டுவிட்டார்.

எழுந்ததும் தீர்ப்புச் சொன்னார். "மாப்பிள்ளை, இனிமே எனக்குக் கட்டிலே வேண்டாம். இந்த பின்சீட்டு போதும். நாளைக்கே துணிமணியோட வந்துடறேன்."

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பழைய வண்டி அத்தை, உள்ளே எலி வரும் என்று என்னென்னவோ உளறினார். அந்த வாரமே காரை விற்று வழியனுப்பினார். ஷெட்டில் பிக்கப் வந்து நின்றது. கார் போனால் போகட்டும், மாமியார் வரமாட்டாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செடி ஏற்றப் போவதாக மனைவி பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த வண்டியில் ஒரு தொட்டிகூட இல்லை. தேக்குக் கட்டில் இருந்தது. முன்சீட்டில் மாமியார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். இடுப்புவலியைக் காணோம்.

"தலைமாட்டுப் பக்கம் நீங்க பிடிங்க" என்றாள் மனைவி. "நம்ம ரூம்லதான் பொருந்தும், போன மாசமே அளந்துட்டேன். ஹால் சோபாவையும் அளந்தேன். காலை மடக்கிக்கிட்டா உங்களுக்குத் தாராளமா போதும்."