மணி அடிக்காத வியாழக்கிழமை

முதலில் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுகிறேன். ஒரு பெரிய வியாழக்கிழமை சாயந்தரம், ஊரில் உள்ள கோயில் மணிகள் அத்தனையும் ஆண்டவருடைய பாடுகளுக்காக வாய்மூடித் துக்கம் காக்கிற நேரத்தில், என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு நான் மணி அடித்தேன். ஒரு தரம் இல்லை, ஒன்பது தரம். அதுவும் துணி வெட்டுகிற கத்தரிக்கோலால். சாமியார் அப்போதே மன்னித்துவிட்டார். என் வீட்டார்தான் இன்னும் மன்னித்தபாடில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அது. வைத்திக்குப்பம் என்கிற மீனவர் குப்பத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய மாடி வீட்டில் குடியிருந்தோம். முன் அறைதான் என் தையல் கடை. என் மனைவி செலின் நாலாவது பிரசவத்துக்காகக் கடலூருக்குத் தாய்வீடு போயிருந்தாள். மூத்தவள் ரோஸ்லினுக்குப் பத்து வயது, நடுவில் அருளுக்கு ஏழு, கடைக்குட்டி பிலோமினுக்கு ஐந்து. மூன்றையும் என் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறும்போது செலின் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சோறு நல்லா இருக்கணும்னு கேக்கல. நான் திரும்பி வரும்போது மூணும் முழுசா இருக்கணும். அவ்வளவுதான்."

அந்த 'முழுசா' என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பிறவியிலேயே பயந்தவன். நாய்க்குப் பயம், கிணற்றுக்குப் பயம், கடலுக்கு ரொம்பப் பயம். (கடற்கரை ஊரில் பிறந்து கணுக்கால் நனைக்காமல் கலியாணம் வரைக்கும் வந்துவிட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கடையில் மெஷின் ஓடும், என் கண் வாசலில் ஓடும். அருள் வேறு எந்நேரமும் கட்டுமரம், கட்டுமரம் என்றே பேசிக்கொண்டிருந்தான். 'ஒருநாள் ஏறிப் பாக்கணும்ப்பா' என்று அவன் சொல்லும்போதெல்லாம் ஊசி என் விரலில் ஏறும்.

என்ன செய்யலாம் என்று செபித்துக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. கன்னியர் மடத்துக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிறவன் நான். அளவெடுக்கப் போனால் பார்ப்பேன்: மணி அடித்தால் எழுந்திருப்பார்கள், மணி அடித்தால் சாப்பிடுவார்கள், மணி அடித்தால் பேசிக்கொண்டிருக்கிற வார்த்தையைப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஒரு சண்டை கிடையாது, ஒருத்தரும் தொலைந்துபோனது கிடையாது. என் பிள்ளைகளும் அப்படி இருந்தால் என்ன? (மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கு இதுவே பெரிய யோசனை.)

வீட்டில் கடிகாரம் இல்லை. கோயில் மணி இருந்தது. நாளும் மாலை ஆறு மணிக்கு மூன்று மூன்றாக ஒன்பது தரம் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். அதை வைத்துச் சட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவி, ஆளுக்கொரு பிடி வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, மொட்டை மாடிக்கு ஏறிப் படிக்க வேண்டும். அங்கேதான் வெளிச்சம். கைப்பிடிச் சுவரும் உயரம். மணி அடிக்கிற வரைக்கும் இறங்கக் கூடாது, பேசக் கூடாது. மணி அடித்ததும் முழந்தாளிட்டுச் செபம் சொல்லிவிட்டு இறங்கி, வாசலில் விளையாடலாம்.

இதோடு விட்டிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. சட்டம் நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. இரண்டாம் நாள் கீழே நின்று, "அருள்! முறுக்கு வாங்கியாந்திருக்கேன், ஓடியா!" என்று குரல் கொடுத்தேன். தடதடவென்று இறங்கி வந்தான். காதைத் திருகினேன்.

"மணி அடிச்சுதா?"

"நீங்கதானேப்பா கூப்பிட்டீங்க?"

"நானே கூப்பிட்டாலும் வரக் கூடாது. பதிலும் சொல்லக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி. மணிதான் கணக்கு."

அதற்கப்புறம் நாலைந்து தரம் விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருநாள் தேள் கொட்டியதாகக்கூடக் கத்தினேன். மேலே ஒரு சத்தம் இல்லை. நெஞ்சு பூரித்துப் போனேன். செலினுக்கு இப்படிக் கடுதாசி எழுதினேன்: 'நம் பிள்ளைகள் வானத்துச் சம்மனசுகளாகிவிட்டார்கள். அம்மா வருகிற வரைக்கும் ஒரு நாள்கூடச் சட்டம் மீறாமல் இருந்தால், பாஸ்கு திருநாளுக்கு மூன்று பேருக்கும் பளபள என்று சாட்டின் துணியில் உடுப்பு தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.' பெரிய வியாழன் அன்று சாயந்தர பஸ்ஸில் வருவதாக அவளும் பதில் போட்டாள்.

அப்போதெல்லாம் பெரிய வியாழன் பூசை காலையில்தான். பூசையில் குளோரியா என்கிற மகிமைப் பாட்டைப் பாடும்போது எல்லா மணிகளையும் சேர்த்து அடிப்பார்கள். பிறகு சனிக்கிழமை வரைக்கும் மணிச் சத்தமே இருக்காது. ஆண்டவர் பாடுபடுகிற நாளில் மணிக்கு என்ன வேலை? மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கோயில் வாசலைத் தாண்டாது. குளோரியா மணி கேட்டால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அன்றும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகளை நிறுத்தி, வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையைச் சொன்னேன்.

"மணியெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போயிடுச்சு. பாப்பரசரைப் பாத்துட்டு சனிக்கிழமைதான் திரும்பி வரும்."

பிலோமின் வானத்தைப் பார்த்தாள். நான் மெஷினில் போய் உட்கார்ந்தேன். (தன் வாயாலேயே சொல்லிவிட்டு, தன் காதிலேயே வாங்காத மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, எழுதிக்கொண்டிருக்கிறான்.)

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்தெழுகிற பாஸ்கு திருநாள்; தையல் வேலை குவிந்து கிடந்தது. பிள்ளைகள் வந்ததும், கடலை வாங்கியதும், மேலே ஏறியதும் அரைகுறையாகத்தான் ஞாபகம். ஊசித் துளை கண்ணுக்குத் தெரியாமல் போனபோதுதான் நிமிர்ந்தேன். வெளியே மசமசவென்று இருட்டு. வாசலில் விளையாட்டுச் சத்தம் இல்லை. மணி அடித்திருக்கும், மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது, பிள்ளைகள் இறங்கி எங்கேயோ போய்விட்டார்கள் என்று தோன்றியது. எதற்கும் மாடிப்படி அடியில் போய் நின்று கூப்பிட்டேன்.

"ரோஸ்லின்!"

பதில் இல்லை.

"அருள்! பிலோமின்!"

இல்லை. ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் அது செங்குத்தான மரப்படி, நாலாவது படியிலேயே எனக்குத் தலை சுற்றும். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. அதற்கும் பதில் இல்லை. அவ்வளவுதான், கட்டுமரம் கண்முன்னால் வந்துவிட்டது.

ஓடினேன். தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கிற பூங்காவனம் மறித்தாள்.

"இன்னா தையக்காரரே, வேட்டி ஒருபக்கம் நீ ஒருபக்கம் ஓடியார?"

"என் பிள்ளைங்க இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வரலியே. இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

"கட்டுமரம் பாக்கணும்னு சொல்லிக்கினு இருந்தான்..."

நான் முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். குப்பத்துக்குள் போய் ஒரு சத்தம் போட்டாள். பத்து ஆம்பிளைகள் வந்தார்கள். கவிழ்த்துவைத்த படகுகளுக்கு அடியில் தேடினார்கள், வலைக் குவியலைப் புரட்டினார்கள். இரண்டு பேர் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். நான் கடலுக்குள் முழங்கால் வரை நின்றேன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். ஒரு மெழுகுவத்தி என்று ஆரம்பித்தேன். அலை ஒன்று இடுப்பில் அடித்தது. ஒரு டஜன் என்றேன். இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. மாதாவே, வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்போது எனக்கு நல்ல சுருட்டை முடி. வேறு என்ன இருக்கிறது கொடுக்க? மூன்று பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் மட்டும் வேடிக்கை ஒன்றும் இல்லை.

"தண்ணியில ஒண்ணும் இல்ல. வூட்டாண்ட போய்ப் பாரு, வந்திருக்கும்" என்று பூங்காவனம் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பின்னாலேயே பாதிக் குப்பம் வந்தது. நாங்கள் வாசலுக்கு வரவும் செலின் ரிக்ஷாவிலிருந்து குழந்தையோடு இறங்கவும் சரியாக இருந்தது. (முன்பெல்லாம் எல்லையில் சுங்கக்காரன் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பான், பஸ் வர ராத்திரியாகிவிடும். சுதந்திரம் வந்து அதையும் கெடுத்துவிட்டது.)

"இன்னா கூட்டம்? ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல செலின். மொதல்ல உக்காரு, தண்ணி குடி."

"பிள்ளைங்க எங்க?"

"குழந்தை உன் சாயல்தான் போல. மூக்கு மட்டும்..."

"பிள்ளைங்க எங்கன்னு கேட்டேன்."

நான் தலையைக் குனிந்தேன். சொன்னேன். மாடி, மணி, சட்டம், கடல், எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். செலின் முகம் வெளுத்துப்போனது. பூங்காவனம் மட்டும் ஏதோ யோசித்தாள்.

"மணி அடிச்சப்புறம் எறங்கும்ன்றியே, இன்னிக்கு உங்க கோயில்ல எங்க மணி அடிச்சாங்க? அது அடிச்சாத்தான் நான் கூடையத் தூக்குவேன். இன்னிக்கு அடிக்கவே இல்ல, அதான் இருட்டியும் குந்திக்கினு இருந்தேன்."

நாளும் மூன்று தரம் கோயிலுக்குப் போகிறவன் நான். கோயில் வாசலை மிதிக்காதவள் அவள். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மேல ஏறிப் பாத்தீங்களா?" என்றாள் செலின்.

"மூணுதரம் கூப்பிட்டேன்."

"ஏறிப் பாத்தீங்களான்னு கேக்கறேன்."

"அந்த நாலாவது படியில..."

"இதையாவது தொலைக்காம புடிங்க" என்று கைக்குழந்தையை என்னிடம் தள்ளிவிட்டு, பிள்ளை பெற்று ஒன்றரை மாதமான உடம்போடு விறுவிறுவென்று ஏறினாள். மேலே 'ஐயோ, என் சாமி!' என்றது குரல். கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அடுத்து வந்தது அவள் சிரிப்பு.

"மூணும் இங்கதான் இருக்குங்க! நிலாவுல புத்தகத்த வெச்சுக்கினு குந்தியிருக்கு!"

"கூட்டியா!"

"வரமாட்டேங்குது! வாயையும் தொறக்கமாட்டேங்குது! பிலோமின் எங்கிட்ட ஓடியாந்தா, பெரியவ பாவாடையப் புடிச்சு இழுத்து ஒக்கார வெக்கறா. கோயில் பக்கம் கையக் காட்டறா. மணி அடிங்க!"

"இன்னிக்கு மணி அடிக்கக் கூடாது செலின். பெரிய வியாழன். பாவம்."

"என் பிள்ளைங்கள சனிக்கிழமை வரைக்கும் மாடியில வெச்சிருக்கறது மட்டும் புண்ணியமா? அடிங்கன்றேன்!"

பூங்காவனம் நேரே வீட்டுக்குள் நுழைந்தாள். அடுக்களைக்குள் போய்ப் பித்தளைத் தட்டை எடுத்துவந்து என் முன்னால் தூக்கிப் பிடித்தாள். இடது கையில் குழந்தை, வலது கையில் கத்தரிக்கோல். 'ஆண்டவரே, மன்னியும்' என்று சொல்லிக்கொண்டு அடித்தேன். மூன்று. கொஞ்சம் நிறுத்தி மூன்று. மறுபடியும் மூன்று. தட்டு நெளிந்தது.

மேலே மூன்று குரல் சேர்ந்து திரிகால செபத்தைத் தொடங்கியது. ஒரு வரி விடாமல் முடிகிற வரைக்கும் தெருவே காத்து நின்றது. பிறகு வரிசையாக இறங்கி வந்தார்கள்.

"நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, கேக்கலியா?" என்றேன்.

"கேட்டுச்சுப்பா" என்றாள் ரோஸ்லின். "எப்பவும் மாதிரி சோதிக்கிறீங்கன்னு நெனச்சோம்."

அருள் பெருமையாகச் சொன்னான்: "இன்னிக்குத்தாம்ப்பா ரொம்ப நல்லா பண்ணீங்க. அழுதுகூடக் காட்டினீங்க. தெருவுல தடுக்கி வுழுந்தீங்களே, அதையும் செவுத்து ஓட்டை வழியா பாத்தோம்."

"மணி சனிக்கிழமைதான் வரும்னு தெரியுமில்ல? அதுவரைக்கும் என்னடி பண்ணியிருப்பீங்க?" என்றாள் செலின்.

ரோஸ்லின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள். வேர்க்கடலையை மூன்று முடிச்சாக முடிந்துவைத்திருந்தாள். "இது இன்னிக்கு. இது நாளைக்கு. இது சனிக்கிழமைக்கு."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து, கோயிலுக்கு நற்கருணை சந்திக்கப் போய்க்கொண்டிருந்த கூட்டம் வாசலில் நின்றது. முன்னால் நின்ற, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை கத்தரிக்கோலையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரிய வியாழன்ல மணி அடிச்சது நீதானா? நாளைக்கு சாமியாரை வந்து பாரு."

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் ரொம்ப நேரம் இருமினார். (இருமல்தானா என்று இன்றைக்கும் சந்தேகம்.) பிறகு சொன்னார்: "மணி அடிச்சதுக்கு ஒண்ணும் வேண்டாம். இனிமே கீழ நின்னு கூப்பிடாதே. தினமும் சாயந்தரம் அந்தப் படியில ஏறி, பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து செபமாலையில ஒரு பத்து மணி சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்."

சாட்டின் உடுப்பு மூன்றும் பாஸ்குவுக்குத் தயாரானது. மே மாதம் வேளாங்கண்ணியில் என் சுருட்டை முடியும் போனது. திரும்பி முளைத்தபோது சுருட்டை வரவில்லை. நாலாவது படி பழகிப்போனது. பிள்ளைகள் கலியாணமாகிப் போன பிறகும் மாலையில் மாடி ஏறுவதை நான் விடவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாவிட்டால், 'இன்னும் மணி அடிக்கல போல' என்பார்கள். போன பெரிய வியாழன் அன்று நாலு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் மாடியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து கூப்பிட்டார்கள். கேட்டது. பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அசையவில்லை. பிறகு அந்த நெளிந்த தட்டை எடுத்து யாரோ அடித்தார்கள். மூன்று, மூன்று, மூன்று. அடித்த விதத்திலேயே தெரிந்தது, செலின்.

செபத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.