அமைதிக்கு ஒரு தனி அறை

என் மனவுறுதியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி ஜோதிலட்சுமி. அதுதான் வினையாகப் போயிற்று.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் எங்கள் வீடு. ஏரி இருக்கிறதே, அமைதியாக இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஏரி அமைதியாகத்தான் இருக்கிறது. சுற்றி இருக்கிறவர்கள்தான் இல்லை. தலைக்கு மேலே விமானம். வாசலில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சங்கீதம். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஸ்பீக்கரை என் தலையணையைக் குறிபார்த்தே கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஜோதியிடம் இருக்கும் அந்தப் பட்டன் போன். அவள்தான் அசோசியேஷன் செகரெட்டரி. பதவியோடு சேர்ந்து கைமாறும் போன் அது. மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, மேல்வீட்டில் எதையோ இடிக்கிறார்கள் என்று நாள் முழுக்க அலறும். மூன்று வருடமாக "இதைக் கொஞ்சம் நீங்க ஏத்துக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனுஷனுக்கு மனவுறுதி வேண்டாமா?

இந்த நொடியில் வாழுங்கள் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மௌனப் பித்து பிடித்தது. வாழலாம்தான். எங்கே உட்கார்ந்து வாழ்வது? துணி காயப்போடும் பின்னறை ஒன்றுதான் பாக்கி.

"அந்த ரூம் எனக்கு வேணும். மௌனமா இருக்கப்போறேன்."

"நீங்களா? தூக்கத்துலகூட யாரோடயோ சண்டை போடுறீங்க."

"பந்தயம் கட்டுறியா?"

"சரி. வர்ற ஞாயித்துக்கிழமை எழுந்ததுலேர்ந்து மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் வாயத் திறக்காம இருங்க. ரூம் உங்களுக்கே. ஒரு வார்த்தை பேசினாலும் அந்த ரூமை மறந்துடணும்."

"எழுதிக்கூட காட்ட மாட்டேன். வாட்ஸப்பும் கிடையாது. போதுமா?"

அந்தக் கடைசி நிபந்தனையை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

ஞாயிறு காலை சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குக்கர் கத்தியது, அசையவில்லை. காபியில் சர்க்கரை இல்லை, குடித்தேன். அரை நாள் இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது வாசல் மணி அடித்தது. தரைத்தளத்து சிட்டிபாபு. அவர் பின்னால் ஒரு கூட்டமே, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியோடு.

அசோசியேஷன் மீட்டிங் எப்போதும் மொட்டை மாடியில்தானே என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"மாடியில வெயில். அதான் நம்ம வீட்லயே வெச்சுக்கலாம்னேன்" என்றாள் ஜோதி, நான் கேட்காத கேள்விக்கு.

சிட்டிபாபு தொண்டையைக் கனைத்தார். "ஜோதி மேடம் பதவிய வுடறாங்க. அடுத்து நம்ம வேதாசலம் சாரப் போடலாம்னு சொல்றாங்க. சார், உங்களுக்கு எதுனா ஆட்சேபணை கீதா?"

நான் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன்.

"பாத்தீங்களா, இன்னா அடக்கம்" என்றார் சிட்டிபாபு.

எங்கள் அசோசியேஷனில் மூன்று தரம் கேட்பது வழக்கம். ஆள் வாயைத் திறந்து வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். எல்லோருமே முதல் தரத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஜோதியைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் ஊரில் இல்லை.

"ரெண்டாவது தபா கேக்கறேன் சார்."

ஜோதியைப் பார்த்தேன். அவள் பின்னறையைப் பார்த்தாள். துணியெல்லாம் எடுத்துவிட்டு ஒரு பாய் விரித்து வைத்திருந்தாள். ஜன்னலில் ஏரி தெரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த அறை ஆயுளுக்கும் வரும். பதவியை நாளைக்கே ராஜினாமா செய்துகொள்ளலாம். மூளை உள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

"மூணாவது தபா."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். எல்லோரும் கை தட்டிவிட்டு, அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு அடித்ததும் வீடு அதிரக் கத்தினேன். "ஜெயிச்சுட்டேன்! இப்பவே ராஜினாமா பண்றேன் பாரு."

"தாராளமா பண்ணுங்க. ஆனா உங்க இடத்துக்கு ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும். அதான் ரூல்."

"அதுக்கென்ன, ஒரு ஆளைப் பிடிச்சா போச்சு."

"பிடிங்க. எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

சொன்ன சொல் தவறாதவள். கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தாள். மடியில் மோட்டார் ரூம் சாவியையும் பட்டன் போனையும் வைத்தாள். வைத்த கையோடு அது அலற ஆரம்பித்தது.

கதவைச் சாத்தப் போனவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. வெளிய ரொம்ப அமைதியா இருக்கு."