சம்பந்தி சந்து

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. எட்டுப் பேருக்கும் வழி கேட்கும் பழக்கம் கிடையாது. (அது நான் கொண்டுவந்த சீதனம்.)

பாம்பன் கரையில் பிறந்து இராமநாதபுரத்துக்கு வாழ்க்கைப்பட்ட புதிது. கருவாட்டுக்கடை வைத்திருந்த மாமனார், ஊருக்குக் கிழக்கே புதிதாகப் போட்ட தெருவில் வீடு கட்டியிருந்தார். பழைய ஊர்ச் சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எப்படியும் கொண்டுபோய் விட்டுவிடும். புதுத் தெருக்கள் கோடு போட்டது மாதிரி நேராகப் போய்ச் சுவரில் முட்டும். அவரவர் புஞ்சையை அவரவர் தெருவாக்கி விற்றார்கள். பக்கத்துப் புஞ்சைத் தெருவோடு சேர்க்க ஒருவருக்கும் மனசில்லை.

நாத்தனார் பிலோமியைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தி வந்த மூன்று வரனும் தட்டிப்போனதில் மாமியார் பாதியாகியிருந்தார். பஸ்ஸடிக்குப் போய் அவர்களைக் கூட்டிவர நான் கிளம்பினேன்.

"வழி தெரியுமாத்தா?" என்றார் மாமனார்.

"கடக்கரைப் பிள்ளைக்கு வழி சொல்லணுமாக்கும்" என்றேன்.

எங்கள் ஊரில் கொண்டல் காற்று முகத்தில் பட நடந்தால் எந்தச் சந்தும் கடலில் கொண்டுவிடும். பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு, அதே கணக்கில் கிழக்குக் காற்றைப் பார்த்து நடந்தேன். முதல் தெருவில் சுவர். இரண்டாவதிலும் சுவர். மூன்றாவது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் வீட்டுப் பணியார வாசனையே வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையில் வியர்த்து நின்றார். "இது ஊரா, மீனுக்கு வைக்கிற பறியா? உள்ள வரத்தான் வழி இருக்கு."

நான் போட்ட சத்தத்தில் மாமனார் ஏணியைச் சுவருக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார். சுற்றிப் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டிய நான், "நாலே படிதான், ஏறுங்க" என்றேன். ஏறிவிட்டார். இறங்க வேண்டிய பக்கம் ஏணியில்லை. சுவர் மேல் சம்பந்தியம்மா, கீழே கை நீட்டியபடி மாமியார். பாதிச் சடையோடு ஓடிவந்த பிலோமி, கருவாட்டு மூட்டை தூக்கிப் பழகிய கையால் அவரை அப்படியே வாரி இறக்கினாள்.

அந்த அம்மா சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாத்தாச்சு. காப்பி குடுங்க."

கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமனாரும் பின்தெருக்காரரும் சேர்ந்து அந்தச் சுவரை உடைத்தார்கள். என்னைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போன வண்டியும், பள்ளிக்கூடம் போன என் எட்டும் அந்தச் சந்து வழிதான். இன்றைக்கு ஊர் கண்ணுக்கெட்டாத தூரம் நீண்டுவிட்டது. சம்பந்தி சந்து என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். என் மடத்தனத்தையும் வழியாக்கிக் கொடுத்த மாதாவுக்குத் தோத்திரம். வீட்டில் யார் வழி தப்பினாலும், "ஏணி கொண்டு வரவா?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள்.

ஏத்தா ஸ்டெல்லா, நான் சொல்லி நீ எழுதினதை ஒருதரம் வாசி. பிலோமி ஏணிக்கு ஏழு படிம்பா. நாலுன்னுதான எழுதியிருக்க?