கீழே ஞானம், மேலே துக்கம்

எங்கள் ஊரில் ஒரு மனிதன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. தாடியும் வளர்த்துக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டு இருப்பது. வேறு ஊர்களில் அப்படி இருந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். திருவண்ணாமலையில் காலில் விழுந்துவிடுவார்கள். (ஆசிரமங்களும் வெளிநாட்டுக்காரர்களும் நிறைந்த செங்கம் ரோடாக இருந்தால் படமும் எடுப்பார்கள்.) நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. தெரிந்தேதான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி கலா இறந்துபோன வருஷம். நான் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். மிச்ச நேரத்தில் வசனகவிதை எழுதுகிறவன். தூறலுக்கும் சாரலுக்கும் நடுவே இருக்கும் மழைக்குப் பெயர் இல்லையே என்று பக்கம் பக்கமாக வருந்தியவன். அப்பேர்ப்பட்டவனுக்கு 'அவள் போய்விட்டாள்' என்கிற சின்ன வாக்கியம் வாயில் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தலையாட்டினேன். பால்காரருக்குத் தலையாட்டினேன். வகுப்பில் புணர்ச்சி விதிகளைச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் உதட்டைப் பூட்டிக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவேன். அங்கே மின்விசிறி ஒன்றுதான் பேசியது. அதுவும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் யாழினி அப்போதுதான் புனேயில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் போன் செய்வாள்.

"அப்பா, 'ம்' தவிர வேற எதனா சொல்லுங்க."

"ம்ம்."

"விஜயா டீச்சர் ஒரு குரூப் நடத்துறாங்களாம். வீட்ல ஒருத்தரப் பறிகொடுத்தவங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒக்காந்து பேசுவாங்களாம். நீங்க போறீங்க. வாயத் தெறந்து பேசுறீங்க. இல்லன்னா நான் வேலைய விட்டுட்டு அங்க வந்துடுவேன்."

சொன்னால் செய்கிற பெண். அந்த வேலை கிடைத்த செய்தியைக் கேட்டுத்தான் கலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கடைசியாக ஒரு முறை வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வேலை என் ஊமைத்தனத்தால் போகலாமா? போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். (அதாவது, "ம்" என்றேன்.)

விஜயா டீச்சர், யாழினி படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கணவரை இழந்தவர். போனிலேயே விசில் ஊதுவதுபோலத்தான் பேசுவார். "செங்கம் ரோட்ல அந்தப் பச்ச பெயின்ட் அடிச்ச கஃபே இருக்குல்ல சார், அதே பில்டிங், ரெண்டாவது மாடி. செருப்ப வெளியவே வுட்டுடுங்க. எல்லாரும் வட்டமா ஒக்காந்திருப்போம். யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அழுதா அழலாம். பேசணும்னு தோணுறப்ப பேசலாம்."

இதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் என்னிடம் இருந்தது.

முதல் குழப்பம் என் வேட்டி. கலா போனபிறகு நானாகத் துணி துவைக்கத் தொடங்கியிருந்தேன். அவள் கடைசியாகக் கட்டியிருந்த அரக்குப் புடவையையும் என் வெள்ளை வேட்டியையும் ஒரே பக்கெட்டில் ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் வேட்டி முழுக்கக் காவி. ஒரு திட்டு, ஒரு பிசிறு இல்லாமல், சாயப்பட்டறைக்காரர் பொறாமைப்படும் அளவுக்கு. மற்ற வேட்டிகள் ஈரம். அதையே கட்டிக்கொண்டு, மாதக்கணக்காக வளர்ந்த தாடியோடு, தோளில் ஒரு துண்டோடு கிளம்பினேன். ஆட்டோக்காரர் இறங்கும்போது கும்பிட்டார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குழப்பம் கணக்கு. நான் தரையையும் சேர்த்து எண்ணிவிட்டேன். கஃபே ஒன்று, அதற்கு மேலே இரண்டு. ஏறினேன். வாசலில் செருப்புகள். உள்ளே வட்டமாக ஆட்கள், எல்லாரும் மௌனம். ஓர் அம்மாள் அழுதுகொண்டுகூட இருந்தார். இடம் சரிதான்!

என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். புதிதாகத் துக்கப்பட்டவனுக்கு இப்படி ஒரு கௌரவமா என்று நெகிழ்ந்துவிட்டேன். வெள்ளை ஜிப்பா போட்ட ஓர் இளைஞர் கையைக் காட்டி, பூப்போட்ட மெத்தை விரித்த நாற்காலியில் உட்காரவைத்தார். மற்றவர்கள் எல்லாம் பாயில். பக்கத்தில் ஒரு தட்டில் ஆரஞ்சும் வாழைப்பழமும். (விஜயா டீச்சர் பெரிய மனசுக்காரர்தான் போலிருக்கிறது.)

கண்ணை மூடினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே மலைக்காற்று வந்து தாடியை அளைந்தது. அத்தனை மாதமாக எனக்குள் ஒரு குருவி அறைச் சுவர்களில் முட்டிக்கொண்டே இருந்தது. அது அங்கே எங்கோ ஒரு விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல மனிதர்கள், நல்ல அமைதி. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். யாழினியின் ராஜினாமாக் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது.

வாயைத் திறந்தேன்.

"போயிட்டா," என்றேன். "கலா போயிட்டா."

வெள்ளை ஜிப்பா துள்ளி எழுந்தார். "சாமி பேசிட்டாங்க!"

எனக்கு அது காதில் விழவில்லை. வாய் திறந்தபிறகு மூடத் தெரியவில்லை. மடை உடைந்தது என்று என் மாணவன் எழுதினால் அடித்துவிடுவேன்; ஆனால் மடைதான் உடைந்தது. "சிலிண்டர் எப்படி புக் பண்றதுன்னுகூட எனக்குத் தெரியாது," என்றேன். "எல்லாம் அவதான். அடுப்பு அணைஞ்சு போச்சு. ஓட்டல்லதான் சாப்புடுறேன்."

ஜிப்பா அதை ஆங்கிலத்தில் கூட்டத்துக்குச் சொன்னார். என் ஆங்கிலத்துக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று: 'கலைகள் யாவும் மறைந்துபோகும். உள்ளே எரிந்த அக்கினி அடங்கியது. சாமி இனி உலகத்தையே பிட்சையாக உண்கிறார்.'

கூட்டம் "ஆ" என்றது. குழுவில் வெளிநாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஏதோ சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு தொடர்ந்தேன்.

"பீரோவத் தெறக்கவே முடியல. அவ வாசன உள்ளயே இருக்கு. தெறந்தா போயிடுமோன்னு பயமா இருக்கு."

"வாசனை!" ஜிப்பாவின் குரல் நடுங்கியது. "வாசனை! பூர்வ ஜென்மத்து வாசனைகள் நமக்குள்ளே பூட்டிக் கிடக்கின்றன. திறந்தால் அவை அழியும். நாம்தான் பயப்படுகிறோம்!"

இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் என் பாதத்தைத் தொட்டார். அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. துக்கப்படுகிறவர்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு தூரம் கும்பிட்டுக்கொள்வார்களா?

வாசலைப் பார்த்தேன். அங்கே இன்னொரு தாடி நின்றுகொண்டிருந்தது. இன்னொரு காவி. அசல் காவி. கூட்டத்தில் ஒருவரும் அதுவரை நேரில் பார்த்திராத, வடக்கேயிருந்து அன்று முதன்முதலாக வரவிருந்த மௌன சாமி. என் நாற்காலியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், தட்டிலிருக்கும் ஆரஞ்சைப் பார்க்கிறார். பாவம், விரதம். 'அது என் சீட்' என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து விசில் குரல் வந்தது.

"யோவ் கவித சார்! இன்னா இங்க வந்து ஒக்காந்துனு இருக்கீங்க? உங்களுக்காக எல்லாரும் காத்துனு இருக்கோம். இது கீழ சார், கீழ ஞானம்! துக்கம் மேல மாடி!"

அந்த நிமிஷத்தில் தரை பிளந்திருந்தால் நேராக கஃபேயில் போய் விழுந்திருப்பேன். எழுந்தேன். மெத்தையைத் தட்டி மடித்து வைத்தேன் (ஏன் என்று தெரியாது). அசல் சாமியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். முழுக்கக் கேட்டிருக்கிறார். சத்தமே வராமல் அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. ஜிப்பா மட்டும் "அப்போ வாசனை?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

படியேறும்போது யாரோ பின்னால் வந்தார்கள். திரும்பினால், முதலில் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள். வெளிநாட்டுக்காரர், நரைத்த கூந்தல், கழுத்தில் ருத்திராட்சம். பெயர் மார்த்தா என்பது அப்புறம் தெரிந்தது. பல வருஷமாக இங்கே வந்து போகிறவர், கொஞ்சம் தமிழ் பொறுக்கி வைத்திருந்தார்.

"அவர் தப்பு சொன்னார்," என்றார், ஜிப்பா இருந்த பக்கம் கையைக் காட்டி. "நீங்க... வைஃப். போயிட்டா." தன் நெஞ்சில் கை வைத்தார். "நான்... ஹஸ்பண்ட். போயிட்டா."

"போயிட்டார்," என்றேன். தமிழாசிரியன் புத்தி.

மார்த்தா சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பை நானே கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

விஜயா டீச்சர் மேலிருந்து கத்தினார். "அங்கயே ஆரம்பிச்சிட்டீங்களா? மேல வாங்க, டீ ஆறுது!"

மேலே மெத்தையும் இல்லை, பழமும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிக்கொண்டிருந்த டீ, ஒருத்தருக்கொருத்தர் நகர்ந்து இடம்விட்ட சாதாரண மனிதர்கள். கீழே சொன்னதையே மறுபடி சொன்னேன். இந்த முறை யாரும் மொழிபெயர்க்கவில்லை. சிலிண்டருக்கு எந்த நம்பரை அழுத்த வேண்டும் என்று ஒருவர் என் போனை வாங்கிப் பதிந்தே கொடுத்துவிட்டார். அதுவரை எனக்கு வந்த ஆறுதல்களில் உருப்படியானது அதுதான்.

அன்று யாழினிக்கு நானே போன் செய்தேன். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னேன். எதிர்முனையில் மூச்சுத் திணறுவது கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். அப்புறம் வெடித்தது. அவள் அம்மாவின் அதே சிரிப்பு, கட்டிலில் எழுந்து உட்காரவைத்த அதே சிரிப்பு. வேலையை விடவில்லை.

பொங்கலுக்கு அவள் வந்தபோது பீரோவைத் திறந்தோம். விஜயா டீச்சரும் மார்த்தாவும் கூட நின்றார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு கதவை விரித்தேன்.

பாச்சை உருண்டை. அலமாரி முழுக்கப் பாச்சை உருண்டை நெடிதான். மார்த்தா தும்மினார். "இதுதான் சார் உங்க பூர்வ ஜென்ம வாசன," என்றார் டீச்சர். நான்கு பேரும் புடவைகளின் மேல் விழுந்து சிரித்தோம், அழுதோம், மறுபடி தும்மினோம்.

காவி வேட்டி இன்னும் இருக்கிறது. வெளுத்துக்கொண்டே வருகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டுகிறேன். இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்ட, கீழ்மாடித் திருப்பத்தில் நிற்பது என் வேலை. தயங்கித் தயங்கி ஏறி வருகிற முகங்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் புனேயிலிருந்து போன் வரும்.

"சாமி, இன்னிக்கி எங்க? கீழயா, மேலயா?"

"மேலதாம்மா," என்பேன். "கீழ நமக்கு எடம் குடுக்க மாட்டாங்க. நாம ஜாஸ்தி பேசுறோமாம்."